கடலூரில் இருந்துகொண்டு ரைபிள் வாங்கலாமா?

நீங்கள் கேட்டிருப்பது மூன்று கேள்விகள். தேவனாம்பட்டினத்தில் குடியிருக்கும் நீங்கள் பொழுதுபோக்காகக் குறி சுடுவதற்கு லைசென்ஸ் இல்லாமல் காற்றழுத்தத்தில் சுடும் ஏர் ரைபிள் வாங்கலாமா, இல்லை நேரடியாகத் தோட்டா போடும் .22 ரைபிளுக்கே விண்ணப்பித்துவிடலாமா, கடலுக்கு அரை கிலோமீட்டரில் இருக்கிற வீட்டில் அது துருப்பிடிக்காமல் தாங்குமா. 13 வயது மகளும் கூட வருவாள் என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் முதலில் எதற்குப் பணம் போடுவது என்பதுதான் உங்கள் குழப்பம். துப்பாக்கியைக் கடைசியில் வாங்குங்கள். முதலில் கிளப்பில் சேருங்கள், அடுத்து வீட்டில் வைக்கிற இடத்தைச் சரி செய்யுங்கள், துப்பாக்கி அதன் பிறகு வரட்டும். இந்த வரிசை மாறுவதால்தான் நம் கடற்கரை ஊர்களில் நல்ல ரைபிள்கள் பீரோவிலேயே வீணாகின்றன.

ஏர் ரைபிளில் சட்டம் தெளிவாக இருக்கிறது. ஆயுத விதிகள் 2016-ன்படி குழல் விட்டம் 0.177 அங்குலத்துக்கு, அதாவது 4.5 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. வாய்முனை ஆற்றல், அதாவது குழலை விட்டு வெளியேறும்போது குண்டுக்கு இருக்கும் ஆற்றல், 20 ஜூல் அளவைத் தாண்டக் கூடாது. இரண்டுக்கும் உட்பட்டதற்கு லைசென்ஸ் தேவையில்லை. இரண்டில் ஒன்று மீறினாலும் லைசென்ஸ் வேண்டும். 5.5 மில்லிமீட்டர் ஏர் ரைபிள் எவ்வளவு மெதுவாகச் சுட்டாலும் அதற்கு லைசென்ஸ் தேவை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஆற்றலை நீங்களே கணக்குப் போடலாம். பெல்லட்டின், அதாவது ஏர் ரைபிள் சுடும் சிறு ஈயக் குண்டின், எடையைக் கிலோவில் எடுத்து, வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, இரண்டால் வகுத்தால் ஜூல் கிடைக்கும். 0.53 கிராம் பெல்லட் நொடிக்கு 175 மீட்டரில் போனால் ஏறக்குறைய 8 ஜூல். 10 மீட்டர் போட்டி ரைபிள்கள் எல்லாம் இந்த அளவில்தான் இருக்கும். அதே பெல்லட் 275 மீட்டர் வேகத்தைத் தொட்டால் 20 ஜூல் ஆகிவிடும். ஆகவே "நொடிக்கு ஆயிரம் அடி வேகம்" என்று பெருமையாக விற்கப்படும் துப்பாக்கிகளிடம் எச்சரிக்கையாக இருங்கள். காகிதக் குறியில் துளை போட அந்த வேகம் தேவையே இல்லை, சட்டச் சிக்கல் மட்டும்தான் மிச்சம். கடையில் அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கேட்பார்கள், கொடுங்கள். ஆற்றல் அளவு எழுதிய பில்லை வாங்கி, அதன் நகலைத் துப்பாக்கிப் பெட்டியிலேயே வையுங்கள். வழியில் போலீஸ் கேட்டால் உங்களுக்குப் பதிலாகப் பேசப்போவது அந்தக் காகிதம்தான்.

லைசென்ஸ் வேண்டாம் என்பதால் எங்கும் சுடலாம் என்று ஆகாது. சில்வர் பீச்சில் பலூன் சுடும் கடையில் பார்த்த துப்பாக்கியின் நினைப்பிலேயே பலர் இதை விளையாட்டுப் பொருளாக எடுத்துக்கொள்கிறார்கள். ஏர் ரைபிள் பெல்லட் நூறு மீட்டருக்கு அப்பாலும் ஒரு கண்ணைப் பறிக்கும். மொட்டை மாடியில் 10 மீட்டர் அளந்து சுடுவதாக இருந்தால், குறிக்குப் பின்னால் முழுச் சுவரும், அதற்கு முன்னால் பெல்லட்டைப் பிடிக்கும் பெட்டியும் இருக்க வேண்டும். இரும்புத் தகட்டை நேராக நிறுத்தினால் பெல்லட் திரும்பி வரும். 45 டிகிரி கீழ்நோக்கிச் சாய்த்து வைத்தால் தட்டில் விழும். பறவைகளை நோக்கித் திருப்பவே கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972 ஊசுடு ஏரிச் சரணாலயத்துக்குள் மட்டும் பொருந்துவது இல்லை. உங்கள் தெரு வேப்பமரத்துக் கொக்குக்கும் அதுதான் சட்டம்.

.22 ரைபிள் வேறு கதை. அது வெடிமருந்துத் துப்பாக்கி, லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் வைத்திருந்தால் ஆயுதச் சட்டம் 1959-ன் 25-வது பிரிவில் சிறைத் தண்டனை உண்டு. இதில் பலருக்கும் தெரியாமல், உங்களுக்குச் சாதகமாக ஒன்று இருக்கிறது. அதே சட்டத்தின் 13(3) பிரிவு, மத்திய அரசின் உரிமமோ அங்கீகாரமோ பெற்ற ரைபிள் கிளப்பின் உறுப்பினர் குறிப் பயிற்சிக்காகக் கேட்டால் உரிமம் "வழங்க வேண்டும்" என்கிற வகையில் அதைச் சேர்க்கிறது. தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி கேட்பவர் தன் உயிருக்கு ஆபத்து இருப்பதை நிரூபிக்க வேண்டும். உங்களுக்கு அந்த வாதமே தேவையில்லை. விண்ணப்பத்தில் நோக்கம் என்ற இடத்தில் குறிப் பயிற்சி என்று மட்டும் எழுதுங்கள். "தற்காப்புக்கும்" என்று ஒரு வார்த்தை சேர்த்தால் கோப்பு வேறு பாதையில் போய்விடும். சொத்து இல்லை என்ற ஒரே காரணத்தால் மறுக்கக் கூடாது என்று 14-வது பிரிவு சொல்வதையும் மனதில் வையுங்கள், வாடகை வீட்டுக்காரர்கள் இதில் வீணாகத் தயங்குகிறார்கள். 14-வது பிரிவின் விலக்குகள், அதாவது குற்றப் பின்னணி, மனநலம், பொது அமைதி போன்றவை, எல்லா விண்ணப்பத்துக்கும் பொருந்தும்.

விண்ணப்பம் படிவம் ஏ-1. கடலூர் மாவட்டத்தில் வசித்தால் மாவட்ட மாஜிஸ்திரேட் என்ற முறையில் கலெக்டர்தான் உரிமம் வழங்கும் அதிகாரி. வீடு புதுச்சேரியில் என்றால் அங்குள்ள மாவட்ட மாஜிஸ்திரேட். நீங்கள் வேலை பார்ப்பது புதுச்சேரியில் என்றாலும், கணக்கில் வருவது குடியிருப்புதான். பாதுகாப்புப் பயிற்சி முடித்ததற்கான எஸ்-1 சான்றிதழ், மருத்துவரின் எஸ்-3 சான்றிதழ், ஆயுதத்தைப் பூட்டி வைப்பேன் என்ற உறுதிமொழி, கிளப் உறுப்பினர் சான்று, அடையாள முகவரிச் சான்றுகள் ஆகியவை அதோடு போக வேண்டும். பிறகு காவல் நிலைய விசாரணை நடக்கும். அக்கம்பக்கத்தில் கேட்பார்கள், பூட்டுள்ள இடம் எங்கே என்று பார்ப்பார்கள். உரிமம் வந்தால் அதில் ஒரு தனி அடையாள எண் இருக்கும், அது தேசியத் தரவுத்தளத்தில் பதிவாகும். 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமம் 5 ஆண்டுக்குச் செல்லும், ஒருவர் அதிகபட்சம் 2 துப்பாக்கிகள்தான் வைத்திருக்கலாம். குறிப் பயிற்சிக்குப் பயன்படுத்தும் கிளப் உறுப்பினருக்கு இந்த எண்ணிக்கையில் விலக்கு இருக்கிறது.

இதுவரை சொன்னது சட்டத்தில் எழுதியிருப்பது. எத்தனை மாதம் ஆகும் என்பதை அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது. மூன்று மாதத்தில் கைக்கு வருவதும் உண்டு, ஒரு வருடம் இழுப்பதும் உண்டு. அதிகாரி மாற்றம், தேர்தல், திருவிழா பந்தோபஸ்து எல்லாம் கோப்பை நிறுத்தும். கூடுதலாகக் கேட்கிற காகிதங்களும் அலுவலகத்துக்கு அலுவலகம் மாறும். ஆகவே கொடுத்த ஒவ்வொன்றுக்கும் ஒப்புகை வாங்குங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 18-வது பிரிவில் மேல்முறையீடு உண்டு, எழுத்தில் காரணம் இல்லாமல் அதை நடத்துவது கஷ்டம்.

கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு மட்டுமே வரும் ஒரு சிக்கலும் இருக்கிறது. எல்லையில் இருக்கும் முள்ளோடையைத் தாண்டினால் நீங்கள் வேறு நிர்வாகத்துக்குள் போகிறீர்கள். காலையில் டவுன் பஸ்ஸில் போய் மாலையில் திரும்புகிற தூரம் என்பதால் யாரும் இதை யோசிப்பதில்லை. உங்கள் லைசென்ஸில் செல்லுபடியாகும் எல்லை தமிழ்நாடு மட்டும் என்று இருந்தால், .22 ரைபிளோடு புதுச்சேரிக்குள் நுழைவது உரிமம் இல்லாமல் வைத்திருப்பதற்குச் சமம். போட்டிகள் பல மாநிலங்களில் நடக்கும் என்பதைக் காட்டி, விண்ணப்பிக்கும்போதே இந்தியா முழுவதும் என்று கேளுங்கள். எடுத்துப் போகும்போது தோட்டா இல்லாமல், தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி அடைக்கும் போல்ட்டைக் கழற்றி, மூடிய உறையில் வையுங்கள். தோட்டா வேறு பையில், அசல் லைசென்ஸ் கையில்.

கிளப்பை ஏன் முதலில் சொன்னேன் என்றால், .22 லைசென்ஸுக்கு அது அடிப்படை என்பது பாதிக் காரணம்தான். கிளப்பின் ரைபிளை அங்கேயே கண்காணிப்பில் சுடலாம், அதற்கு உங்களுக்குத் தனி லைசென்ஸ் தேவையில்லை. ஆறு மாதம் சுட்ட பிறகுதான் உங்கள் கை நீளத்துக்குத் தோளில் ஊன்றும் எந்தக் கட்டை, எந்த எடை, எந்த டிரிக்கர் ஒத்துவரும் என்று தெரியும். சேரும் முன் அந்த கிளப் மாநிலச் சங்கத்தோடும், அதன் வழியாகத் தேசிய ரைபிள் சங்கத்தோடும் இணைந்திருக்கிறதா என்று சான்றைப் பார்த்து உறுதி செய்யுங்கள். அந்த இணைப்பு இல்லாத பயிற்சி மையத்தில் நன்றாகக் கற்றுக்கொள்ளலாம், ஆனால் அதன் உறுப்பினர் அட்டை கலெக்டர் அலுவலகத்தில் பயன்படாது. மகளைப் பொறுத்தவரை, லைசென்ஸ் தேவைப்படும் துப்பாக்கியை 21 வயது நிரம்பாதவர் சொந்தமாக வைத்திருக்க முடியாது. ஆனால் 12 வயது கடந்தவர் பயிற்சிக்காக மேற்பார்வையில் சுட விதிகள் இடம் தருகின்றன. அவளுக்கு இப்போது சரியானது 10 மீட்டர் ஏர் ரைபிள். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019-ல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றது இந்தப் பிரிவில்தான். குறியின் நடுப்புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர். போட்டி ரைபிள் 5.5 கிலோ வரை இருக்கலாம் என்றாலும் 13 வயதுத் தோளுக்கு 4 கிலோவே அதிகம். முதல் சில மாதம் தாங்கியில் வைத்துச் சுடட்டும். எடையைச் சமாளிக்க முதுகை வளைத்துப் பழகிவிட்டால் பிறகு அதைத் திருத்துவது பெரும்பாடு.

வாங்கும் காலம் வரும்போது இரண்டு வகை எதிரில் நிற்கும். குழலை மடக்கி ஏற்றும் ஸ்பிரிங் ரைபிள் விலை குறைவு, உறுதியானது, ஆனால் சுடும்போது முன்னும் பின்னும் உதைப்பதால் பிடிப்பில் சிறு பிழை இருந்தாலும் குறி விலகும். காற்றை முன்கூட்டியே அடைத்து வைக்கும் பிசிபி வகை உதைக்காது, போட்டியில் அதுதான் நடப்பு. பொழுதுபோக்கு மட்டும் என்றால் ஸ்பிரிங் போதும். மகள் போட்டிக்குப் போவாள் என்றால் ஸ்பிரிங்கில் பணம் போடாமல் கிளப் பிசிபியில் பழகிக் காத்திருப்பது நல்லது.

இனி துரு. உங்கள் வீட்டில் பெரிய எதிரி ஈரம் என்று நினைக்கிறீர்கள்; ஈரத்தைவிட மோசமானது உப்பு. சாப்பாட்டு உப்பே காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டால் தானாகக் கரையும். கடல் உப்பில் இருக்கும் மெக்னீசியம் குளோரைடு 33 சதவீதத்திலேயே ஈரத்தை இழுக்கத் தொடங்கிவிடும். அதாவது குழல் மேல் கண்ணுக்குத் தெரியாத உப்புப் படிவு இருந்தால், அறை காய்ந்ததாகத் தோன்றும் நாளிலும் அந்த இடம் ஈரமாகவே இருக்கும். உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். அதனால் சுட்டு வந்ததும் நேராக எண்ணெய் தடவுவது உப்பை உள்ளே வைத்து மூடுவதாகும். காய்ச்சி வடித்த தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் வெளி இரும்பைத் துடையுங்கள், உடனே உலர்ந்த துணியால் துடையுங்கள், பத்து நிமிடம் மின்விசிறிக் காற்றில் விடுங்கள், அதன் பிறகு எண்ணெய். வியர்வைக் கையும் இதே உப்புதான். கன்னம் படும் இடம், போல்ட் பிடி, டிரிக்கர் ஆகிய மூன்றும் முதலில் துருப்பிடிப்பது அதனால்.

இரண்டாவது கெடுதல் ஏ.சி. அறை. 24 டிகிரி அறையில் இருந்த இரும்பை ஐப்பசி மாதக் கடற்கரைக் காற்றில் வெளியே எடுத்தால், குளிர்ந்த சோடா பாட்டில் போல அது வேர்க்கும். குழலுக்குள்ளும் வேர்க்கும், அது உங்கள் கண்ணுக்குத் தெரியாது. ரைபிளைப் பெட்டியிலேயே மூடி வைத்து, முக்கால் மணி நேரம் வெளிச் சூட்டுக்கு வந்த பிறகு திறங்கள். வீடு திரும்பியதும் அந்தப் பெட்டியில் வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் ஸ்பாஞ்ச் ஈரத்தைக் குடித்து, மெத்தை போல வைத்திருந்து இரும்புக்கே திருப்பிக் கொடுக்கும். வெளிச்சுவரை ஒட்டாத, பூட்டுள்ள இரும்பு பீரோதான் சரியான இடம். உள்ளே அரை கிலோ சிலிக்கா ஜெல், கூடவே சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பதமானி. 45-லிருந்து 55 சதவீதத்துக்குள் நிறுத்தப் பாருங்கள். ஜெல் நிறம் மாறியதும் 110 முதல் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடாக்கினால் மீண்டும் வேலை செய்யும், ஆனால் சமையல் பாத்திரத்தில் வேண்டாம். நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும் வகையில் நச்சுள்ள கோபால்ட் இருக்கிறது, ஆரஞ்சு நிற வகையை வாங்குங்கள். அந்துருண்டை போடுவதால் ஈரம் குறையாது. ஜீரோ வாட் பல்பு எரியவிடும் பழைய வழக்கம் இழை பல்புக்குச் சரியாக இருந்தது, இன்றைய எல்.இ.டி. பல்பில் அந்தச் சூடே வராது.

எந்த எண்ணெய் என்ற கேள்வி அடிக்கடி வரும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். சில மாதத்தில் பிசினாகி போல்ட்டை ஒட்டவைக்கும். தையல் மெஷின் எண்ணெய் மெல்லிய கனிம எண்ணெய், வெளி இரும்புக்குத் தடவினால் கெடுதல் இல்லை, ஆனால் கடற்கரையில் ஒரு வாரத்துக்கு மேல் காக்காது. டபிள்யூ.டி.-40 நனைந்த இரும்பிலிருந்து தண்ணீரை விரட்டும்; அதையே நீண்ட காலக் காப்பாக நம்பாதீர்கள். துருத்தடுப்புக்கென்றே விற்கும் துப்பாக்கி எண்ணெய் சின்ன பாட்டில் ஒன்று ஒரு வருடம் வரும், ஏனென்றால் தேவை இரண்டு மூன்று துளிதான். அதிகம் ஊற்றினால் அது கட்டைக்குள் இறங்கி மரத்தை ஊற வைக்கும், பிறகு திருகுகள் பிடிக்காமல் குறி அலையும்.

ஏர் ரைபிளில் எண்ணெயைப் பற்றிய விதி தலைகீழ். குழலுக்குள்ளோ காற்றறைக்குள்ளோ எண்ணெய் போகக் கூடாது. ஸ்பிரிங் ரைபிளில் பிஸ்டன் காற்றை நெரிக்கும்போது வரும் சூட்டில் எண்ணெய்ப் புகை டீசல் என்ஜினில் போலத் தீப்பிடிக்கும், காற்று கசியாமல் அடைக்கும் சீல் கிழிந்துபோகும். பெல்லட் இல்லாமல் வெறுமனே சுடவும் கூடாது. முன்னால் காற்றுத் தடை இல்லாததால் பிஸ்டன் போய் மோதும். சுத்தம் செய்யும் கம்பளிப் பெல்லட்டைச் சுட்டுத் தள்ளுவதும் ஸ்பிரிங்கில் ஏறக்குறைய அதே கெடுதல்தான், கம்பியால் தள்ளுங்கள். பிசிபியில் மட்டும் இரண்டு மூன்றாகச் சேர்த்துச் சுடலாம். 500 பெல்லட்டுக்கு ஒரு முறை போதும். மடக்கிய குழலை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டுதான் பெல்லட்டை வையுங்கள். பிடி நழுவினால் குழல் விரலை வெட்டும். ஈயம் கையில் ஒட்டும், சோப்பு போட்டுக் கழுவாமல் சாப்பிடக் கூடாது. மகளுக்கு இதை முதல் நாளே பழக்குங்கள்.

பிசிபி சிலிண்டரில் காற்றழுத்தம் பெரும்பாலும் 200 பார். கைப்பம்பு நம் ஊர்க் காற்றில் இருக்கும் நீரையும் சேர்த்து உள்ளே தள்ளும். 50 முறை பம்பு அடித்ததும் நிறுத்தி ஆறவிட்டு, வடிகால் திருகைத் திறந்து தண்ணீரை வெளியேற்றுங்கள். இதைவிட நல்ல வழி வடிகட்டிய உலர்ந்த காற்று நிரப்பிய ஸ்கூபா சிலிண்டர். புதுச்சேரியில் ஆழ்கடல் டைவிங் நடத்துபவர்கள் இருப்பதால் அந்த வசதி நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மெதுவாக நிரப்புங்கள், வேகமாக நிரப்பினால் சூடாகி, ஆறியதும் அழுத்தம் இறங்கும். வெல்டிங் கடை ஆக்ஸிஜனை மட்டும் எந்தக் காரணத்துக்கும் நிரப்பாதீர்கள், கிரீஸைத் தொட்டால் வெடிக்கும். காற்று கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்குக்கு சிலிகான் கிரீஸ் மட்டும். சிலிண்டரில் பொறித்த காலாவதித் தேதியைப் பாருங்கள். பொதுவாகத் தயாரிப்பிலிருந்து 10 ஆண்டு. பழைய ரைபிளை மலிவாக வாங்குபவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

.22-ஐச் சுத்தம் செய்யும்போது போல்ட்டைக் கழற்றி, வாய்முனை கீழே சாய்ந்திருக்கும்படி வைத்து, பின்பக்கத்திலிருந்துதான் கம்பியைச் செலுத்த வேண்டும். முன்பக்கத்திலிருந்து நுழைத்தால் கம்பி உரசி வாய்முனை விளிம்பு தேயும், அந்த விளிம்பு போனால் துல்லியம் திரும்பாது. கரைப்பானில் நனைத்த இரண்டு துணித்துண்டு, பத்து நிமிடம் இடைவெளி, பிறகு வெள்ளையாக வரும்வரை உலர்ந்த துண்டு. ஒரு வாரத்துக்கு மேல் சுடப்போவதில்லை என்றால் கடைசியாக ஒரு துளி எண்ணெய்த் துண்டு. சுடும் முன் அந்த எண்ணெயைத் துடைத்து எடுத்துவிடுங்கள், முதல் ஐந்தாறு தோட்டா அப்போதும் கொஞ்சம் அலையும். தோட்டா அறைக்குச் சற்று முன்னால் கரி வளையம் போலக் கட்டும், குறி காரணமில்லாமல் சிதறினால் முதலில் அங்கே பாருங்கள். தோட்டா இல்லாமல் டிரிக்கரை இழுப்பதைத் தவிருங்கள். சுடும் ஊசி, தோட்டா அறையின் விளிம்பில் அடித்துப் பள்ளமாக்கும். டிரிக்கரின் உள்பாகம், ஏர் ரைபிளின் வால்வு, பிரஷர் ரெகுலேட்டர் ஆகியவற்றை இதைப் படித்து மட்டும் திறக்காதீர்கள். எழுத்தில் சொல்லிக் கொடுக்கக் கூடிய வேலை அல்ல அது, பழகிய மெக்கானிக்கின் கை வேண்டும்.

தேர்தல் அறிவித்தால் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைக்கச் சொல்வார்கள். போட்டியாளர் என்று கிளப் கடிதத்தோடு விலக்கு கேட்டு மனுக் கொடுக்கலாம், கிடைப்பது அந்த மாவட்டத்தின் முடிவு. கிடைக்காவிட்டால் இரண்டு மாதம் அது உங்கள் கையில் இருக்காது. அதற்கு முன் உப்பைத் துடைத்து, வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாராளமாக எண்ணெய் தடவி, துருத்தடுப்புக் காகிதத்தில் சுற்றி, துப்பாக்கியின் வரிசை எண், நிலை இரண்டையும் குறித்த ரசீதும் ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டு கொடுங்கள். திரும்ப வாங்கியதும் குழலுக்குள் விளக்கடித்துப் பார்க்காமல் ஒரு தோட்டாகூடச் சுட வேண்டாம்.